முந்நூற்றில் பன்னிரண்டு

நீராடித் திருநீறு அணியாமல் நான் நாற்றைத் தொட்டதில்லை. ஆராய்ச்சிப் பண்ணையில் நாற்றங்கால் மேற்பார்வை எனக்குப் பணி மட்டுமன்று. தாராசுரத்தை அடுத்த எங்கள் ஊர்க் கோயிலில் இறைவனுக்கு அமுதாகும் மணநெல்லும் அந்தப் பண்ணையில்தான் விளைந்தது.

விஞ்ஞானி நஜ்மா, அந்த மணநெல்லோடு வெள்ளம் தாங்கும் நெல்லொன்றைக் கலந்தார். பழைய விதையை நிறுத்திவிட்டு, இனி இந்தக் கலப்பில் தேர்ந்ததையே விதைப்பதென்று முடிவாயிற்று. முளைத்த முந்நூறு நாற்றுகளும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்தன. ஒவ்வொன்றிலும் இலைத்துணுக்கு கிள்ளி, மரபணு அடையாளம் பார்த்து, பன்னிரண்டைத் தேர்ந்தார்.

“இந்தப் பன்னெண்டும் என் பிள்ளைங்க மாதிரி சார். பத்திரம்.”

“பிள்ளைங்களுக்குப் பேரு வைக்கலையாம்மா?”

“நம்பர்தான் சார். உங்க பதிகத்துக்கு மட்டும் என்ன, நம்பர்தானே போட்டிருக்கு?”

அவர் சென்றபின் அறிக்கையின் அட்டவணையைப் பார்த்தேன். முதல் கட்டத்தில், வெள்ளம் தாங்கும் மரபணு ‘உண்டு’, ‘இல்லை’ என்றிருந்தது. ‘இல்லை’ என்றிருந்த பன்னிரண்டு நாற்றுகளுக்கு அவருடைய எண் அட்டைகளைக் கட்டினேன். அவர் தேர்ந்தவை மாட்டுத் தொட்டிக்குப் போயின. அயல்நெல்லின் குணம் இறைவன் அமுதில் சேரலாகாது. அவ்வளவே என் கருத்து.

ஈராண்டில் விதை பெருகிற்று. ஒரத்தநாட்டு வீரையனின் இரண்டு ஏக்கரில் சோதனை நடவு. கார்த்திகை மழையின் மூன்றாம் நாள் அவர் அலைபேசியில் அழைத்தார்.

“ஐயா, பயிரு முழுகிடுச்சு. வரப்ப வெட்டி வடிச்சிடவா? உன் நெல்லு மீன் மாதிரி நீந்துதான்னு பக்கத்து வயக்காரன் வேற கேக்குறான்.”

“பதினாலு நாள் தாங்கும். பொறுங்க.”

அன்றே வடித்திருந்தால் பயிர் பிழைத்திருக்கும். ஆனால் வடிக்கச் சொன்னது ஏனென்று நஜ்மா கேட்டிருப்பார்.

பத்தாம் நாள், பயிர் அழுகும் நாற்றம் பொறுக்காமல், வடிகால் மதகின் பலகையைத் தூக்க வீரையன் தனியே இறங்கினார். மறுநாள் நாணலுக்குள் அவர் உடல் கிடைத்தது. பொய் விதை தந்தார் என்று நஜ்மாவை நீக்கினார்கள். அட்டை எதுவும் மாறவில்லை என்று நானே எழுதிக் கொடுத்தேன்.

இப்போது விசாரிக்க வந்த நீங்கள் அதே அறிக்கையை விரித்து, நான் படிக்காத இரண்டாம் கட்டத்தைக் காட்டுகிறீர்கள். அது மணத்துக்குரிய மரபணுவாம். அவர் தேர்ந்த பன்னிரண்டிலும் உண்டு. நான் காத்த பன்னிரண்டில் ஒன்றிலும் இல்லை.

அட்டையை மாற்றியவன் நான். வீரையனைப் பொறுக்கச் சொன்னவனும் நானே. கையொப்பமிடுகிறேன். அந்த இரண்டாம் கட்டத்தை மட்டும் திருத்திவிடுங்கள். நான் காத்தவற்றில் விளைந்த அரிசியைத்தான் ஈராண்டாக இறைவனுக்குப் படைக்கிறோம். திரை விலகும்போதெல்லாம் எனக்கு மணம் வருகிறது.