சீனியின் மனைவி

சுங்காயிலிருந்து ஈப்போவுக்கு வரும் காலை ரயிலில் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். இன்று கிடைத்தது. ஜன்னலோரமாக உட்கார்ந்து வந்ததால் களைப்பில்லை. நீங்கள் எவ்வளவு கேட்டாலும் பதில் சொல்லத் தெம்பு இருக்கிறது. ஆபீசில் எழுதும் மற்றக் கிராணிமாரைப்போல நீங்கள் அதட்டுவதில்லை. அதனாலேயே சொல்லலாம் என்று தோன்றுகிறது.

நான் கேட்பது சின்ன விஷயம், ஐயா. ஊருக்குத் திரும்ப அரசாங்கச் செலவில் கப்பல் கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். உங்கள் தொழிலாளர் ஆபீசில் என்னை 'இருளாயி, ஐயாவுவின் விதவை' என்று எழுதியிருக்கிறார்கள். அது தவறு. நான் சீனியின் மனைவி. அதைத் திருத்தினால் போதும். ஏன் என்று கேட்டீர்கள். கொஞ்சம் நீளமான கதை.

எங்கள் ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். கல்யாணமான மறு வருஷமே சீனி மலாயாவுக்குப் புறப்பட்டார். "ஆறு மாசத்துல ஆள் அனுப்புறேன், வந்துரு" என்று என் தலையில் கை வைத்துச் சொன்னார். நான் அவருடைய அம்மாவோடு இருந்தேன். அத்தை படுக்கையில் விழுந்து, பேச்சும் போனபிறகு, மலமும் மூத்திரமும் அள்ளியது நான்தான். கொள்ளி வைக்க மகன் இல்லை. பங்காளி வீட்டார் வைத்தார்கள். ஆறு மாதம் பல வருஷங்களாயிற்று. ஆள் வரவில்லை.

பிறகு சின்னையா என்ற கங்காணி மலாயா ரப்பர்த் தோட்டத்துக்கு ஆள் சேர்க்க எங்கள் ஊருக்கு வந்தார். சீனி தன் தோட்டத்தில்தான் பால் வெட்டுகிறார் என்றார். அன்றே மூட்டை கட்டினேன்.

கப்பல் ஏறும் ஆட்களைத் தங்கவைக்கும் நாகப்பட்டினம் டிப்போவில் தனியாக வந்த பெண்ணைக் கப்பல் ஏற்ற மாட்டார்கள். புருஷன் அக்கரையில் இருந்தால், 'ஆமாம், என் மனைவிதான், அனுப்புங்கள்' என்று அவன் சொல்ல வேண்டும். தோட்டத்துக்குக் கேட்டு எழுதினார்கள். பதில் வரும்வரை டிப்போக் கொட்டகையில் இருந்தேன். சோறு நன்றாகவே போட்டார்கள். பதில் வந்ததும் அங்கிருந்த எழுத்தர் கூப்பிட்டுச் சொன்னார். சீனிக்கு மனைவி கிடையாது. இருளாயி என்று ஒருத்தியை அவருக்குத் தெரியாது. அதனால் மனு தள்ளுபடி.

"அது வேற சீனியா இருக்கும்மா" என்றார் எழுத்தர், இரக்கப்பட்டு. அப்பா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் சரியாகவே இருந்தன.

யாரோ மிரட்டி அவரை அப்படிச் சொல்ல வைத்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். என் முகத்தைப் பார்த்தால் சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். கங்காணிக்கும் என்னை விட மனமில்லை. ஆள் குறைந்தால் அவருக்கு நஷ்டம்.

"சீனி பொண்டாட்டின்னா விடமாட்டானுங்க. மெட்ராஸ் பக்கத்து டிப்போவுல ஒன்ன யாருக்குத் தெரியும்? ஐயாவு பொண்டாட்டின்னு சொல்லிக்க. அக்கரை போயி ஒன் புருஷனத் தேடிக்க" என்றார்.

ஐயாவு அதே கூட்டத்தில் வந்த ஆள். பெண்டாட்டியைக் காலராவில் பறிகொடுத்தவர். "இந்தப் புள்ளையப் புருஷன்கிட்ட சேத்துட்டா புண்ணியந்தானே, அண்ணே" என்று தலையைக் குனிந்துகொண்டு கங்காணியிடம் சொன்னார். அப்படித்தான் மெட்ராஸ் டிப்போக் காகிதத்தில் நான் அவருடைய மனைவி ஆனேன். காகிதத்தில் மட்டும். கப்பலிலும் சரி, தோட்டத்து லயத்திலும் சரி, அவர் விரல் என்மேல் பட்டதில்லை. நான் அறைக்குள் படுப்பேன். அவர் வெளியே அஞ்சடித் திண்ணையில், சாரல் அடித்தால் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுப்பார். எனக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தபோது வேலைக்கும் போகாமல் கஞ்சி வைத்துக் கொடுத்தார். நல்ல மனிதர். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டில் சீனியைப் பார்த்தேன். உடம்பு போட்டிருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

ரப்பர்க் காட்டில் அவர் வெட்டும் மர நிரையைத் தேடிப் போய்க் கேட்டேன்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"ஊரே வேணாம்னுதான் இங்க வந்தேன். நீ நல்லவதான், இருளாயி. ஒன்மேல ஒரு கொறையும் இல்ல."

"அத்தை செத்துப்போச்சு."

"கேள்விப்பட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்.

யாரும் அவரை மிரட்டவில்லை. கோபத்தில் சொன்னதும் இல்லை. தோட்டத்துத் துரை கேட்டபோது, வெற்றிலை வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்வதைப்போல, மனைவி இல்லை என்று சொல்லியிருக்கிறார். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அடிக்கிறவனுக்காவது நாம் யார் என்று தெரியும்.

இருந்தாலும் பொறுத்தேன். அவருக்குப் பிடிக்கும் என்று கருவாட்டுக் குழம்பு வைத்து அவர் வாசலில் கொண்டுபோய் வைப்பேன். நாய் தின்றுகொண்டிருக்கும். ஐயாவு பார்த்துவிட்டு, சட்டியை எடுத்து வந்து கழுவி வைப்பார்.

அந்தச் சமயத்தில்தான் சீனி தோட்டத்தை விட்டுப் போகிறார் என்று பேச்சு அடிபட்டது. ஈப்போ பக்கம் சிலிபினில் மாட்டுவண்டி வைத்திருக்கும் ஒருவர் தம் மகளைக் கொடுக்கிறாராம். நானே போய்க் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"ஐயாவு நல்ல மனுசன்லா. அவனோட குடும்பம் நடத்து. காயிதத்துல நீ அவன் பொண்டாட்டிதானே?" என்றார்.

நியாயமான பேச்சாகத்தான் சொன்னார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் என் பால்வெட்டுக் கத்தி மழுங்கியிருந்தது. அதனால் ஐயாவுவின் கத்தியை எடுத்துக்கொண்டேன். வேறு நினைப்பு எதுவும் இல்லை. நன்றாக விடிந்து, பால் இறங்கிக்கொண்டிருந்த நேரம். சீனி எனக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்து, பால் விழும் மங்குக் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாட்டுக்கூட முனகினார். மரத்தில் எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்று கங்காணி எனக்குக் கற்றுத் தந்திருந்தார். பட்டையைத் தாண்டினால் மரம் கெட்டுவிடும். இங்கே அந்தக் கவனம் தேவைப்படவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பெயர் சொல்லிக் கூப்பிடப் பார்த்தார் என்று நினைக்கிறேன். குரல் வரவில்லை. தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அசைவு நின்றபிறகு அல்லூர் வாய்க்காலில் கை கழுவி, சேலையை அலசிக் கட்டிக்கொண்டு, என் நிரையில் பாலை எடுத்து, ஸ்டோரில் கொண்டுபோய் எடை போட்டேன். கத்தியை அங்கேயே விட்டிருந்தேன். மறந்துவிட்டது.

போலீஸ் வந்து, கத்தி யாருடையது என்று கேட்டது. ஐயாவுவுடையது என்றேன். உண்மைதானே. சீனியோடு நான் பேசுவதை லயமே பார்த்திருந்தது. மீதியை அவர்களே முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். ஐயாவு "நான் செய்யலைங்க" என்று மட்டும் சொன்னார். கத்தியை யார் எடுத்துப்போனது என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவும் இல்லை.

கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். "இந்த ஆள் உனக்கு என்ன வேணும்?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"யாரும் இல்லீங்க. எனக்குப் புருஷன் சீனிதான். இந்த ஆள்தான் என்னைத் தன் பொண்டாட்டின்னு பொய் சொல்லிக் கப்பல் ஏத்துனது" என்றேன்.

ஒரு வார்த்தையும் இட்டுக்கட்டியதில்லை. ஜட்ஜு துரை தலையை ஆட்டினார். தீர்ப்புச் சொல்லும்போது, அடுத்தவன் மனைவிமேல் ஆசைப்பட்டு அவள் புருஷனைக் கொன்றவன் என்று ஐயாவுவைச் சொன்னார். அடுத்தவன் மனைவி. சீனியின் மனைவி. அக்கரையிலும் இக்கரையிலும் எனக்கு மறுத்ததை, அத்தனை பேருக்கு முன்னால் ஒரு துரை தன் வாயால் சொன்னார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னது காதில் விழவில்லை.

ஐயாவுவைத் தைப்பிங் ஜெயிலில் தூக்கில் போட்டார்கள். அதற்கு முன்னால் என்னை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ஐயாவு கேட்டாராம். கங்காணி வந்து சொன்னார். நான் போகவில்லை. இன்னொருவர் மனைவி, அந்நிய ஆணைப் பார்க்க ஜெயிலுக்குப் போவது முறையில்லை.

பேனாவை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள்? வெளியே நிற்கும் போலீஸ்காரரைக் கூப்பிட வேண்டுமென்றால் கூப்பிடுங்கள். நான் எங்கும் ஓடப் போவதில்லை. என்னை என்ன செய்தாலும் சரி. ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பெயரைத் திருத்திவிடுங்கள்.

சீனிமேல் எனக்கு இப்போது கோபமில்லை. ஒன்று மட்டும்தான் இன்றுவரை விளங்கவில்லை, ஐயா. தன்னையே நம்பிக் கடல் தாண்டி வந்த ஓர் உயிரை, யாரோ எவரோ என்று சொல்லிக் கைகழுவ ஒரு மனிதருக்கு எப்படித்தான் மனம் வருகிறதோ.