போட்டோவுக்கு மட்டும் சிரிப்பு

திருமங்கலம் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்த அம்மா, பக்கத்தில் இருந்த தன் மதினியிடம் சொன்னார்: "லண்டன்ல எம்மகளும் மருமகனும் பேசிக்கிறதே இல்ல மதினி. போட்டோவுக்கு மட்டும் சேந்து சிரிக்கிறாக."

"எதுக்குப் போட்டோ?"

"சேந்து வாழுறோம்னு விசாவுக்குக் காட்டணுமாம்."

"என்ன சண்டை?"

"விசாவ எப்பப் புதுப்பிக்கிறதுன்னுதான். அவ இப்பவே எழுதிப் போடணும்ங்கிறா. அவரு அடுத்த மாசம்ங்கிறாரு. முந்திப் போட்டா அங்க இருக்கவேண்டிய அஞ்சு வருசக் கணக்குல நாள் கொறஞ்சு, அங்கேயே நெரந்தரமா இருக்க அனுமதி கெடைக்கிறது தள்ளிப்போகுமாம்."

"யாரு சொல்றது சரி?"

"மருமகன்தான். வக்கீலே சொல்லிட்டாரு. அத எம்மககிட்ட யாரு சொல்றது?"

அந்த நேரம் பார்த்து மகளே போனில் கூப்பிட்டாள்.

"ஆமா தாயி, நீ சொல்றதுதான் சரி. பாவம், அவரு ஆசைக்கு ஒரு மாசம் பொறுத்துக்க."

போனை வைத்ததும் மதினி கேட்டார்: "என்ன சொல்றா?"

"பொறுத்துக்கிறாளாம். மருமகனுக்குத்தான் வெவரம் பத்தலையாம்."