இருபத்திரண்டு கிலோவைக் கழற்றுவோம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் கிருஷ்ணன்குட்டி அவர்களே, என்னிடம் கேட்காமலே அழைப்பிதழில் என் பெயரை அச்சடித்துவிட்ட நூலகச் செயலாளர் விமலகுமாரி அக்கா அவர்களே, விடியுமுன் ரப்பர் வெட்டிய அலுப்போடு வந்திருக்கும் பெரியோர்களே, கிழங்கு வேகும் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் ஜின்சி. எந்திரவியல் படித்தவள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். மேடை ஏறியதும் இன்றுதான் முதல் முறை. என்ன அண்ணா? கேட்கவில்லையா? ஒலிபெருக்கி சரியாகத்தான் இருக்கிறது. என் குரல்தான் மெலிவு. மெலிவைப் பற்றியே பேச வந்திருக்கிறேன், பொறுத்தருள்க!

மேடைக்கு இடப்பக்கம் மாலையோடு நிற்கிறதே ஒரு சின்னக் கார், அதற்கு முன்னோடி ஒன்று உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் இங்கிலாந்தில் பிறந்தது. பெயர் லோட்டஸ் செவன். கதவு உண்டா? இல்லை. ஆடம்பரம் உண்டா? இல்லை. மெல்லிய எஃகுக் குழாய்களால் ஒரு கூடு. அதன்மேல் அலுமினியத் தோல். மொத்த எடை ஏறக்குறைய ஐந்நூறு கிலோ! முதலில் வந்த எஞ்சினின் சக்தி நாற்பது குதிரைத்திறன்தான். ஆனால் வளைவுகளில் அது பெரிய கார்களை முந்தியது. எப்படி? சுமக்க வேண்டியதை மட்டும் சுமந்தது!

அதற்கு ஓராண்டு மூத்த அக்கா, லோட்டஸ் லெவன். அதே ஐம்பத்தேழில், பிரான்சில் லே மான் பந்தயம். இருபத்து நான்கு மணி நேரம் இடைவிடாத ஓட்டம். எஞ்சின் அளவுக்கு யார் அதிகம் சாதித்தார் என்று கணக்கிட்டுத் தரும் பரிசை வென்றது எது? முக்கால் லிட்டர் கூட நிறையாத எஞ்சின் கொண்ட ஒரு லெவன்! அதை வாசித்த அன்று வெகுநேரம் பக்கத்தைப் புரட்டாமல் வியந்திருந்தேன்.

இன்னொரு வேடிக்கை. முழுக்காராக விற்றால் அங்கே பெரிய வரி. உதிரியாக விற்றால் வரி இல்லை. ஆனால் பூட்டும் முறையை எழுதித் தரக்கூடாது என்பது விதி. என்ன செய்தார்களாம்? கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார்களாம்! வாங்கியவர் அதைக் கடைசி வரியிலிருந்து மேலே வாசித்துக் காரைப் பூட்டினாராம். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். அந்தக் கழற்றும் தாள்தான் இன்று நமக்கு வேண்டியது.

இந்தக் காரை இரண்டு வருடமாகக் கட்டினோம். கூட்டைப் பற்றவைத்தவர் இரும்புக் கேட் செய்யும் பட்டறை ஜெயதாஸ் அண்ணன். எஞ்சின் வேலை மெக்கானிக் அஜேஷ் பார்த்தது. வரைபடம் என்னுடையது. நாளை காலை கோயம்புத்தூர் பந்தயத்துக்குப் புறப்படுகிறது. ஓட்ட வேண்டியவர், வெள்ளறடை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் ஷீனா அக்கா.

வண்டி முடிந்த அன்று ஜெயதாஸ் அண்ணன் சுற்றி வந்து பார்த்தார். “எலே மக்கா, முன்னால கார்டு இல்லாம ஒரு வண்டியா? அம்பூரி ஜீப்பு எல்லாத்திலயும் கார்டு உண்டு. நம்ம பிள்ளை ஓட்டுற வண்டியாக்கும் இது!” என்றார். மூன்று நாள் உழைத்து, தடித்த குழாயில் அந்தக் கார்டை, அதாவது முன்காப்பை, செய்தார். பொருத்துமுன் ரப்பர் ஷீட் வாங்கும் கடைத் தராசில் ஏற்றினேன். இருபத்திரண்டு கிலோ! அதுவும் முன்சக்கரங்களுக்கும் முன்னால் தொங்கும் எடை. வளைவில் வண்டி திரும்ப மறுக்கும் என்று கணக்குச் சொன்னது. நான் சொன்னேனா? சொல்லவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தேன், நோட்டை மூடிவிட்டேன், கார்டைப் பூட்டினோம்.

போன ஞாயிறு அம்பூரி எஸ்டேட் சாலையில் சோதனை ஓட்டம். மூன்றாம் வளைவில் ஷீனா அக்கா திருப்பினார், வண்டி திரும்பவில்லை. நேரே மரச்சீனிக் கிழங்கு போட்ட விளைக்குள் போய் நின்றது. ஆளுக்கு அடியில்லை. ஆனால் வார்த்தை அடித்தது. “ஆட்டோ ஓட்டுற கைக்கு இதொண்ணும் ஆகாது, கேட்டியா” என்றார்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அக்கா சாவியை என் கையில் வைத்து, “வேற ஆளப் பாரு ஜின்சி, நான் வாறேன்” என்று சொல்லி நடந்தார்.

பெரியோர்களே! தவறியது அந்தக் கையா? இல்லை. தவறியது அந்தக் கண்ணா? இல்லை. தவறியது என் வாய்! சொல்ல வேண்டிய நேரத்தில் மூடிக்கிடந்த என் வாய்!

ஜெயதாஸ் அண்ணா, உங்கள் அன்பில் குறையில்லை, அது தொங்கும் இடத்தில்தான் குறை. அன்பால் பூட்டியதை அன்பாலே கழற்றுவோமா?

கொஞ்சம் அமைதி! அண்ணன் எழுந்துவிட்டார். என்ன அண்ணா? “இத அன்னைக்கே சொல்லப்படாதா பிள்ளே? ஆறு போல்ட்டாக்கும், அஞ்சு நிமிசம்” என்கிறார்! அஜேஷ், ஸ்பானரைக் கொடு. தாய்மார்களே, மாலையையும் எடுத்துவிடுங்கள், அதுவும் எடைதான்.

கடைசி வரிசையில் நிற்கும் ஷீனா அக்காவுக்கு ஒரு வார்த்தை. இந்தச் சாவியை ஒரு வாரமாக வைத்திருக்கிறேன். வண்டியிலேயே கனமான பொருள் இதுதான். வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வருகிறார்! வழிவிடுங்கள், வழிவிடுங்கள்!

இந்த மெல்லிய குரலை இறுதிவரை கேட்ட உங்களுக்கு நன்றி. விடியற்காலை ஐந்து மணிக்கு, கார்டு இல்லாத அந்தக் காரை வழியனுப்ப வாருங்கள். வணக்கம்!