அம்புப் பாயின் ஓரத்தில்

— அசையாத, அசையாத! எங்குட்டு வலிக்குது, சொல்லு.

— கையை எடுங்க முதல்ல. தரையில என்னத்தப் போட்டீக?

— தேங்காயெண்ணெய்தான். ஆத்தங்குடிப் பூக்கல்லுக்கு வேற என்னத்தப் போடுவாக? காலையிலயே ஒக்காந்து, துணியில தொட்டுத் தொட்டு ஒவ்வொரு பூவாத் தேச்சேன்.

— டிவியில அம்பு வரவர, பாட்டுக்கு ஏத்தாப்புல பாய்ல மிதிச்சு ஆடுற ஃபைனல் அன்னிக்கா?

— ஃபைனல்னாலதான் தாமரை! கேமராவுல ஊரே பாக்கும். பின்னாடி செட்டியார் வீட்டு வளவு, முத்தமெல்லாம் பளபளன்னு கெடந்தா, என் பொண்டாட்டி ஆட்டத்துக்கு ஒரு கெத்துதானே?

— நல்ல கெத்து. நான் மல்லாந்து கெடந்ததும் தெரிஞ்சிருக்கும்.

— கேமராவை இன்னும் போடலயே. அந்த மட்டுக்கும் உன் புருசன் முத்தரசு புத்திசாலி.

— சும்மாருங்க. என் காலு இங்குட்டு நிக்குது, அம்புப் பாய் அங்குட்டு ஓடுது. செட்டியார் வீட்டை ஓட்டலாக்கி நீங்க பாத்துக்கிற எடத்துல எண்ணெய் தேச்சா, தங்க வந்த வெள்ளக்காரவுக மிதிச்சுறக் கூடாதுன்னு குறுக்க கயிறு கட்டுவீகள்ல? எனக்குக் கட்டணும்னு தோணலயா?

— உனக்குத்தான் கழுத்துல ஒண்ணு கட்டியிருக்கேனே.

— சிரிப்பு வரல. பாருங்க, கணுக்காலு எப்டி வீங்குதுன்னு.

— ஆத்தாடி. ஆட்டம் வேணாம் தாமரை. காரை எடுக்குறேன், காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்.

— போன் அடிக்குது, எடுத்து ஸ்பீக்கர்ல போடுங்க. நடுவரு சாலமனாத்தான் இருக்கும்.

— அக்கா, எல்லாரும் லைனுக்கு வந்துட்டாக. உங்களை எதுத்து ஆடுற திருச்சிப் பொண்ணு அது வீட்டுல பாய் மேல ஏறி நின்னுருச்சு. கேமராவைப் போடுறீகளா?

— கேமராவைப் போடுறதுக்குள்ள அக்காவைக் கீழ போட்டுட்டேன்டா தம்பி.

— அண்ணே, நெசமாவா? அக்கா, என்னாச்சு?

— ஒண்ணும் ஆகல சாலமன். இடது காலு லேசாப் பிசகிருச்சு. எனக்குக் கொஞ்சம் நேரம் குடு.

— பத்து நிமிசம் குடுக்கலாம்க்கா. அதுக்கு மேல குடுத்தா, 'நடுவரு திருப்பத்தூர்க்காரன், பக்கத்து ஊரு அக்காவுக்குச் சாதகம் பண்றான்'னு நெசமாவே எழுதிப்புடுவாக. ஆட முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க.

— ஆடுவேன்.

— ஆட மாட்டா.

— சாலமன், ஆடுறது யாரு?

— நீங்கதாங்க்கா.

— அப்ப நான் சொன்னதை எழுதிக்க. ஏங்க, ஃப்ரிட்ஜுல ஐஸ் இருக்கும், எடுத்தாங்க. உங்க துண்டையும் குடுங்க, கட்டணும்.

— பிடிவாதம், பிடிவாதம். இந்தா, நீட்டு காலை. பாயை அடுப்படிக்குக் கொண்டு போயிருவோமா? அங்க சிமெண்ட்டுத் தரை.

— வயரு எட்டாது. டிவியைச் செவத்தோட அறைஞ்சு வச்சிருக்கீக.

— சோப்புப் போட்டுத் தேச்சு விட்டா?

— இன்னும் நல்லா வழுக்கும். ரெண்டாவது காலும் பிசகட்டுமா?

— டேப்பு ஒட்டிப் பாக்குறேன் இரு. ச்சே, எண்ணெயில ஒட்ட மாட்டேங்குது. என் வாழ்க்கையிலயே ஒழுங்காச் செஞ்ச வேலை இந்தத் தேய்ப்புதான் போல.

— அண்ணே, இன்னும் ஆறு நிமிசம் இருக்கு. பதட்டப்படாதீக. திருச்சிப் பொண்ணு அதுபாட்டுக்கு மிச்சர் தின்னுக்கிட்டு இருக்கு.

— நீ பேசுடா தம்பி, பேசு. பேச்சு இருந்தாத்தான் எனக்குக் கட்டு ஒழுங்கா வரும். ஆமா, இம்புட்டு வலியில ஆடியே தீரணும்னு நிக்கிறாளே, இந்தப் பாட்டு கேமுல அப்டி என்னதான் இருக்கு? நானும்தான் ஆடியிருக்கேன். மதுரை மால்ல பிளாஸ்டிக் கிட்டாரு இருக்குமே, அது எனக்கு உசிரு. தப்பா அமுக்குனாக்கூட கூட்டம் கை தட்டும்.

— தட்டுனது நீங்க பண்ணுன கோமாளித்தனத்துக்கு. இன்னும் கொஞ்சம் இறுக்குங்க.

— எனக்குக் கண்ணுல வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கிட்டுக் கட்டையை வெட்டுவோமே, அதுதாண்ணே. ரெண்டு கையிலயும் வாளு, எதுக்க சர்ரு சர்ருன்னு கட்டை பறந்து வரும். நெசமாவே வேர்வையில குளிச்சிறலாம். எங்க கேம் கடைக்கு வார பயலுக அதைத்தான் மொதல்ல கேப்பாக.

— அது நல்ல கேமுதான் சாலமன், இல்லங்கல. ஆனா கை ஓடுற ஓட்டத்துல காது பின்தங்கிப் போயிரும். மழை மாதிரி அம்பு விட்டா அதுதான் பெரிய கேமுன்னு நெனச்சுக்கிறாக. பாடுறவுக மூச்சு விடுற எடத்துல கேமும் மூச்சு விடணும். அங்க காலு சும்மா நிக்கணும். அப்டி நிக்கிறப்பதான், நூறு தடவை கேட்ட பாட்டுல பின்னாடி ஒரு சின்ன மணி அடிக்கிறது அன்னிக்குப் புதுசாக் கேக்கும்.

— பாத்தியா தம்பி? நான் கேட்டா வராத பதிலு, நீ பேசுனா வருது.

— நீங்க பதிலுக்கா கேக்குறீக? அடுத்த ஜோக்குக்கு எடம் தேடிக் கேக்குறீக. இன்னொண்ணும் இருக்கு. தப்புப் பண்ணுனா கேமு ஒடனே மிஸ்சுன்னு சொல்லிரும். மொகத்தைத் தூக்கி வச்சுக்காது, சிரிச்சு மழுப்பாது. அடுத்த அம்பைக் குடுத்து, 'இதை மிதி'ங்கும்.

— சிரிச்சு மழுப்பாதுங்கிறது யாருக்கு?

— ஐஸை நகத்துங்க, கணுக்காலு அங்குட்டு இருக்கு.

— தம்பி, நீயே சொல்லு. இதுல ஜெயிக்கிற ஆளைத்தான் சென்னைக் கம்பெனி வேலைக்கு எடுக்கும்னு நீதானே சொன்ன? பாட்டுல எந்த எடத்துல எந்த அம்பு வரணும்னு வைக்கிற வேலை.

— அப்டித்தாண்ணே மொதல்ல பேசிக்கிட்டாக. இப்ப... அதை அக்காட்டயே கேளுங்களேன்.

— கேட்டுட்டுத்தானே இருக்கேன், தீவாளியில இருந்து. அப்புறம் பேசலாம்ங்கிறா. எடுத்தா நீ போயிருவியா தாமரை?

— முடிச்சைப் பின்னாடி போடுங்க, முன்னாடி இருந்தா தட்டும்.

— போயிருவியா?

— நேரமாகுது. எந்திரிக்கணும், கையைக் குடுங்க. ம்... நிக்க முடியுது.

— பல்லைக் கடிக்கிறியே!

— பல்லாலயா ஆடப் போறேன்? இப்ப நீங்க படுங்க.

— எங்குட்டு?

— பாய் ஓரத்துல, குப்புற. ரெண்டு கையாலயும் பாயைப் பிடிச்சுக்கங்க. உங்க எடையாவது இன்னிக்கு ஒதவட்டும்.

— செட்டிநாட்டுச் சாப்பாட்டைத் தின்னு வளத்த தொப்பைடி. வீண் போகுமா? படுத்தாச்சு. ஆனா எனக்கு டிவி தெரியலயே, உன் காலுதான் தெரியுது.

— அது போதும். சாலமன், கேமராவைப் போட்டாச்சு. நான் ரெடி.

— அக்கா, அண்ணன் என்ன தரையில...

— பாய் நகராம இருக்கத்தான். விதியில தப்பு இருக்கா?

— ஆளைப் போட்டுப் பாயைப் பிடிக்கக் கூடாதுன்னு யாரும் எழுதல. திருச்சிப் பொண்ணும் சரிங்குது. பாட்டு எதுன்னு ஸ்கிரீன்ல வந்த பெறகுதான் ரெண்டு பேருக்கும் தெரியும். மூணு, ரெண்டு, ஒண்ணு!

— தவிலு! தாமரை, ஒத்தத் தவிலு மட்டும் வருது.

— பேசாதீக.

— அக்கா தப்பில்லாம ஆடுறாக. திருச்சியும் விடல. ரெண்டு பேரும் சமமா இருக்காக.

— தாமரை, நான் இவ்வளவு நாளும் டிவியைத்தான் பாத்திருக்கேன். உன் காலைப் பாத்ததே இல்ல. அடி விழுறதுக்கு முன்னாடியே தூக்கிப்புடுறியே! அடுத்து எங்க வரும்னு எப்டித் தெரியுது?

— பாட்டு சொல்லும். பாயை இழுத்துப் பிடிங்க, வலது பக்கம் வழுக்குது.

— பிடிச்சிருக்கேன். உள்ளங்கையெல்லாம் எண்ணெய். இப்ப நான் கையை விட்டா என்னாகும் தாமரை? விட்டா நீ தோத்துருவ. தோத்தா சென்னை கிடையாது. இங்கேயே இருப்ப.

— அண்ணே, மைக்கு ஓடுது. எல்லாருக்கும் கேக்குது.

— கேக்கட்டும்டா. எனக்குச் சிரிப்பாவா இருக்கு? ரெண்டு விரலை எடுத்தாப் போதும். யாருக்கும் தெரியாது.

— விடுறதுன்னா இப்பவே விட்டுருங்க. இப்ப அம்பு கம்மி, சமாளிச்சு நின்னுக்குவேன். வேகம் பிடிச்ச பெறகு விட்டீகன்னா கழுத்து ஒடிஞ்சிரும். என்ன முடிவு? சீக்கிரம்.

— விடல.

— அப்ப அழுத்துங்க. வருது.

— அழுத்துறேன். மூக்கு மேல மிதிச்சாலும் விட மாட்டேன். மிதி, மிதி!

— அக்கா, அருமை! நெசமாவே இந்த மாதிரி நான் பாத்ததில்ல. இன்னும் அரை நிமிசந்தான். திருச்சி ஒரு அம்பை விட்டுருச்சு. அக்கா முன்னாடி போறாக!

— இடது, இடது... ஆ!

— தாமரை!

— பிடிங்க! எந்திரிக்காதீக!

— பிடிச்சுத்தான் இருக்கேன். நீ மூச்சு விடு.

— ஒண்ணு போச்சு. இன்னொண்ணும் போச்சு. இருங்க... ம். முடிஞ்சிருச்சு.

— அக்கா...

— சொல்லு சாலமன். இழுக்காத.

— திருச்சிதாங்க்கா ஜெயிச்சுச்சு. மயிரிழைதான். அந்தக் கடைசி ரெண்டு இடது காலு மட்டும் விழுந்திருந்தா...

— விழல. அந்தப் பொண்ணு நல்லா ஆடுச்சுன்னு சொல்லு. கேமராவை நிறுத்துறேன். போனை வை தம்பி. ஏங்க, எந்திரிங்க. ஏன் இன்னும் படுத்திருக்கீக?

— தாமரை, நான் பிடியை விட்டுட்டேனா? நெசத்தைச் சொல்லு. எனக்கே சந்தேகமா இருக்கு. கையி மரத்துப் போச்சு.

— இல்ல. பாய் ஒரு நூலு நகரல. காலைத்தான் என்னால ஊன முடியல.

— அப்ப அந்த மட்டுக்கும் தப்பிச்சேன். ஆனா நான் பெரிய பாவி. சாலமன் திருச்சின்னு சொன்னதும், எனக்குள்ள ஒருத்தன் எந்திரிச்சுச் சந்தோசமாத் துண்டைச் சுத்துறான். இன்னும் நிறுத்தல.

— தெரியும்.

— எப்டித் தெரியும்?

— 'அப்பாடா'ன்னு ஒரு மூச்சு விட்டீக. என் பாதத்துல பட்டுச்சு.

— செருப்பால அடி.

— நடக்க முடிஞ்சா அடிப்பேன்.

— தோள்ல கையைப் போடு, காருக்குத் தூக்கிட்டுப் போறேன். இரு, அதுக்கு முன்னாடி ஒண்ணு. ஐஸை நகத்துங்க, முடிச்சைப் போடுங்கன்னு பேச்சை மாத்தாத. நானும் ஜோக்கு அடிக்கல, பாரு, மூஞ்சியைப் பாரு. தோத்தாச்சு. சென்னைப் பேச்சு இதோட முடிஞ்சுதா, இல்லியா?

— முடியல. நான் போறேன். அந்தக் கம்பெனிக்காரவுக இந்த ஆட்டத்தைப் பாத்து ஆளெடுக்கல. நான் அம்பு வச்சு அனுப்புன பாட்டை ஆடிப் பாத்து எடுத்தாக, போன வாரமே சரின்னு சொல்லிட்டேன். உங்ககிட்டச் சொல்லாம இருந்தது போறேங்கிறதுக்காக இல்ல. சொன்னா, 'கூட வாரீகளா'ன்னும் கேக்கணும். கேட்டு நீங்க சிரிச்சுப்புட்டீகன்னா, அதுக்கப்புறம் எனக்கு ஒரு வார்த்தை வராது. அந்தப் பயந்தான்.