எங்கள் துப்பாக்கியின் சத்தம்

நடக்கிறேன். 1949, ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. பகல் பத்து மணி. நோர்வூட் பின்னால் போய்விட்டது. டிக்கோயாவுக்கு இன்னும் தூரம் இருக்கிறது. மழை. தோளில் ஒரு கம்பளி. என்னுடையதல்ல. வேலுவுடையது. வேலு செத்து ஏழு வருடம்.

அவன் பெண்சாதி அங்கம்மா நோர்வூட் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பாதை வரைக்கும் ஓடி வந்து கொடுத்தாள். "தம்பி, நில்லுங்க! இந்த மழையில சும்மா போறீங்களே. அவரு இனி வந்து கேக்கவா போறாரு."

வேலு செத்ததை இன்று காலையில்தான் அவளிடம் சொன்னேன். மலாயாவில் காய்ச்சல் என்றேன். கடைசியில் தண்ணி கேட்டாரா என்றாள். கேட்டார், கொடுத்தேன் என்றேன்.

கம்பளி நனைகிறது. கனக்கிறது. தோட்டாப் பெட்டியும் இப்படித்தான் தோளை அழுத்தும்.

1942, தை. மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டம். என்னையும் சேர்த்துப் பத்துப் பேர். எல்லோரும் இந்த மலைகளில் பிறந்து, கொழும்பில் கப்பலேறிப் பிழைக்கப் போனவர்கள். சண்டை வந்தது. வெள்ளைக்காரன் பட்டாளம் எங்களைத் தோட்டாப் பெட்டி தூக்கப் பிடித்துக்கொண்டது. ஒரு மாதம் தூக்கினோம்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அந்த மாதத்தில் என் காது படித்தது. எங்கள் பட்டாளத்தின் துப்பாக்கி கட்டையானது. சுட்டால் 'டொம்' என்று நெஞ்சில் இடிக்கும். ஜப்பான்காரனுடையது நீளம். குண்டு சிறிசு. புகை தெரியாது. 'டிக்'. மூங்கில் பிளக்கும் சத்தம். நான் சொன்னால் மற்றவர்கள் படுப்பார்கள். நான் சொன்னால் எழுவார்கள்.

"இவன் காதுலதான்டா நம்ம உசிரு இருக்கு," என்று வேலு சிரிப்பான். "பொண்டாட்டி ஏசுறது ரெண்டு மைல்ல கேக்கும்னுதான் பய கட்டிக்கல."

ஒரு விடியலில் பட்டாளம் எங்களிடம் சொல்லாமல் பின்வாங்கிப் போய்விட்டது. ரப்பர் மரங்களுக்கு நடுவே, தண்ணீர் வடியும் கானுக்குள் படுத்திருக்கிறோம். காலை ஏழு மணி இருக்கும். பாதைப் பக்கம் மூன்று வெடி. டொம். டொம். டொம்.

"நம்ம பட்டாளம்! வெளிய வாங்க!" கத்தினேன்.

கானிலிருந்து ஏறி வந்தார்கள். உடனே இன்னொரு பயம். எதிரி என்று நினைத்து நம் ஆட்களே சுட்டுவிட்டால்?

"பெரட்டுல நில்லுங்க! வரிசையா நின்னா கூலியாளுன்னு தெரிஞ்சுக்குவாங்க!"

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு அந்தச் சொல் காலில் இருக்கிறது. யோசிக்க வேண்டியதில்லை. காலைதோறும் பெரட்டுக் களத்தில் நின்று, பேர் கூப்பிட்ட பிறகு மலைக்குப் போன கால்கள். ஒன்பது பேரும் தோளோடு தோள் நின்றார்கள். கைகளைத் தொங்கவிட்டு. பேர் கூப்பிடுகிறவன் வரிசையில் நிற்பதில்லை. நான் ஓரத்தில், ஒரு மரத்தடியில் நின்றேன்.

தொப்பிகள் தெரிந்தன. பின்கழுத்தில் துணி தொங்கும் தொப்பிகள். ஜப்பான்காரர்கள். கையில் எங்கள் துப்பாக்கிகள். வடக்கே பட்டாளம் போட்டுவிட்டு ஓடியவை. என் காது துப்பாக்கியைச் சரியாகச் சொன்னது. அதைப் பிடித்திருந்த கையைச் சொல்லவில்லை.

"படுங்க!" என்று கத்தினேனா? ஞாபகம் இல்லை. டொம் டொம் டொம். எண்ணவில்லை. மரத்துக்குப் பின்னால் கிடந்தேன்.

எட்டுப் பேர் அந்த இடத்திலேயே. வேலு மட்டும் பொழுது சாயும்வரை தண்ணீர் கேட்டான். கான் இருபது அடி தூரம். நிறையத் தண்ணீர். பாதையில் ஆள் நடமாட்டம் இருந்தது, என்னால் ஊர்ந்து போக முடியவில்லை. இல்லை. முடியும். போகவில்லை.

டிக்கோயாப் பாதையில் நிற்கிறேன். திரும்பி நடக்கிறேன். நோர்வூட் வரைக்கும்.

அங்கம்மா வாசலில் முறத்தோடு இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்.

"நீங்க எங்க நின்னீங்க?"

"ஓரத்துல அக்கா."

"தண்ணி?"

"கொடுக்கல."

கையை நீட்டினாள். கம்பளியைக் கொடுத்தேன். பிழிந்து, உதறி, கொடியில் போட்டாள். "போங்க" என்றாள். தம்பி என்று சொல்லவில்லை.

டிக்கோயாவுக்கு முழுக்க நனைந்து வந்து சேர்ந்தேன்.

மறுநாள் திங்கள். காலை ஆறு மணி. பக்கத்தில் ஒரு தோட்டம், வேலை கேட்டுப் போனேன். கணக்கப்பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எழுத்துக் கூட்டத் தெரியுமாப்பா? பெரட்டுல பேர் கூப்பிட ஆளு வேணும்."

"தெரியாதுங்க." மூன்றாம் வகுப்பு வரை படித்ததைச் சொல்லவில்லை.

தேயிலைச் செடியைத் தறிக்கும் கவ்வாத்துக் கத்தி ஒன்றைக் கொடுத்தார். வரிசையைக் காட்டினார்.

அவரே பேர் கூப்பிட ஆரம்பித்தார். நான் மனதுக்குள் வேறு பேர்களைக் கூப்பிட்டேன். முத்தையா. கருப்பன். அந்தோணி. சின்னசாமி. பெருமாள். இருளாண்டி. காளிமுத்து. ராமன். வேலு. ஒன்பது பேர். ஒரு பதிலும் இல்லை.

கடைசியாக என் பேர் வந்தது. வரிசைக்கு நடுவில் நின்று சொன்னேன்.

"இருக்கேங்க."