நீலன் வீடு திரும்பும் காட்சி

– இன்னொரு தடவை போவமா, விஜயலக்ஷ்மி மாமி? இது பதினாலாவது டேக்கு.

– போகலாம். ஃபேனை ஒரு நிமிஷம் போடுங்கோ, ஜெயினுலாப்தீன். மூச்சு முட்டறது.

– போட்டாச்சு. ஹெட்போனைக் கழட்டிட்டுக் கொஞ்சம் தண்ணி குடிங்க. இந்தச் செம்பூர் ஸ்டுடியோவுல ஃபேன் ஓடினா அந்தச் சத்தம், நிப்பாட்டினா ரயில் சத்தம். இந்தப் பன்னெண்டு கார்ட்டூன் கேசட்டுக்கும் இப்படித்தானே டப்பிங் பண்ணினோம்.

– இதுதானே கடைசி?

– ஆமா. இதோட நீலன் கதை முடிஞ்சுது. அம்மா பேச்சைக் கேக்காம தோணி ஏறிப் புதையல் தேடிப் போனான். சுறாகிட்ட மாட்டினான், ராட்சசன்கிட்ட மாட்டினான். இப்ப வீட்டு வாசல்ல வந்து நிக்கான். நீங்க ஒரே ஒரு வரி சொல்லணும், அவ்வளவுதான்.

– ‘உன் தப்பையெல்லாம் அம்மா மன்னிச்சுட்டேன். உள்ளே வா, கண்ணா.’

– அதைத்தான் ரேஷன் கடைக்காரன் மாதிரிச் சொல்லுதீகளே. பாசம் வேணும்லா, மாமி.

– கேசட் போடற சேட்கிட்ட கேட்டு அந்த வரியை மாத்துங்கோளேன். ‘சாப்பிட வா’ன்னு சொன்னாப் போறாதா?

– நடக்காது. சேட்டுக்கு ஒவ்வொரு கேசட் முடிவுலயும் ஒரு சம்ஸ்கார், அதான் ஒரு நல்ல புத்தி, வேணும். பெரியவங்க சொல்லைக் கேளு, பங்கு வச்சுச் சாப்பிடு, பொய் சொல்லாதே... கடைசிக் கேசட்டுக்கு மன்னிப்பு. படத்துல அந்த அம்மா வாயி ஏழு செகண்ட் அசையுது. ‘சாப்பிட வா’ன்னுட்டா மிச்ச நேரத்துக்கு என்ன செய்ய?

– ‘பொய் சொல்லாதே’ எத்தனையாவது கேசட்?

– நாலாவது. கலங்கரை விளக்குக்காரர்கிட்ட நீலன் பொய் சொல்லி, கப்பலே பாறையில மோதுமே, அது. ஒரே டேக்குல ஓகே பண்ணினீக. எம்மவ நூர் நிஷா தாராவியில எங்க சந்து பூரா அதைச் சொல்லிக்கிட்டுத் திரியுதா, உங்க குரல்லயே. அவ உம்மா சொன்னாக் கேக்க மாட்டா. நீலனோட அம்மா சொன்னாக் கேப்பா.

– ஐயோ, என்னைப் போய்...

– என்ன மாமி, ஒடம்பு சரியில்லையா? நாள் பூரா ஆபீஸ்ல டைப் அடிச்சிட்டு நேரா இங்க வந்திருக்கீக. நாளைக்கு வச்சுக்கலாமா?

– நாளைக்கும் இதே வரிதானே இருக்கும். எனக்கு அசந்து போச்சு, ஜெயினுலாப்தீன். உடம்புக்கு ஒண்ணும் இல்லை. ஞாயித்துக்கிழமை அனந்து வந்திருந்தான்.

– உங்க மவனா? கோவிச்சுக்கிட்டு ஐரோலி ஃபாக்டரியில வேலைன்னு போயி, நாலு வருசமா உங்க மாட்டுங்கா வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்காத புள்ளையா?

– அவனேதான். பெல் அடிச்சான். கதவு ஓட்டை வழியாப் பார்த்தேன். இளைச்சுப் போயிருந்தான். தாழ்ப்பாள்ல கையை வச்சேன். திறக்கலை.

– ஏன் மாமி? சின்ன வயசு, ஏதோ எடுத்தெறிஞ்சு பேசிட்டுப் போயிருப்பான். இப்பப் புத்தி வந்து வாசல்ல நிக்கான். நானும் எங்க வாப்பாகிட்டச் சண்டை போட்டுட்டு பம்பாய்க்கு ரயிலேறினவன்தான். திரும்பிப் போனப்ப அவக என்னைய ஒரு கேள்வி கேக்கல. தட்டுல சோத்தைப் போட்டு முன்னால தள்ளினாக. பெத்தவக மன்னிக்காம வேற யாரு மன்னிப்பா?

– நீங்களும் சேட் மாதிரியே பேசறேள்.

– பின்னே? தப்பு செஞ்ச புள்ள...

– தப்பு அவன் பண்ணலை.

– எனக்கு வெளங்கல, மாமி.

– பாண்டுப்ல சுலபான்னு ஒரு மராத்திப் பொண்ணு. அவனோட காலேஜ்ல படிச்சவ. கல்யாணம் பண்ணிண்டா அவளைத்தான்னான். நான் சண்டை போடலை. யோசிக்கலாம்டான்னேன். மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு அவாத்துக்குப் போனேன். அனந்துவுக்கு அத்தை பொண்ணோட நிச்சயம் ஆயிடுத்து, உன்கிட்ட நேரே சொல்லத் தைரியம் இல்லாம என்னை அனுப்பியிருக்கான்னு சொன்னேன்.

– நிச்சயம் ஆயிருந்துச்சா?

– அவனுக்கு அத்தையே கிடையாது.

– யா அல்லா.

– அந்தப் பொண்ணு அழலை. ‘இந்த வெயில்ல வந்திருக்கீங்களே, ஆன்டி’ன்னு தண்ணி கொண்டுவந்து குடுத்தா. நானும் வாங்கிக் குடிச்சேன். அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலே விலகிண்டா. மூணு மாசத்துல நாக்பூர்ல அவளுக்குக் கல்யாணம். காரணம் தெரியாம இவன் பைத்தியம் மாதிரி அலைஞ்சான். அதையும் பார்த்துண்டு, வேளைக்குச் சமைச்சுப் போட்டுண்டு இருந்தேன். அப்புறம் நான் போய்ச் சொன்னது அவ அண்ணன் மூலமா இவனுக்குத் தெரிஞ்சுது. அன்னிக்கே பெட்டியை எடுத்துண்டு கிளம்பிட்டான்.

– எங்ககிட்ட, பையன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்னு மட்டும்தானே சொன்னீக.

– அது பொய் இல்லையே.

– பொய் இல்லதான்... அப்ப, நாலு வருசத்துக்கும் சேத்துக் கேக்க வந்திருப்பான்னு பயந்துட்டீகளோ? வாசல்ல நின்னு கத்தினானா?

– கத்தியிருந்தாத் திறந்திருப்பேன், ஜெயினுலாப்தீன். ‘எனக்குக் கோபமெல்லாம் போயிடுத்தும்மா, ஒரு வாய் காபி குடு’ன்னு கேட்டான்.