சொல்லக்கூடாத அறிக்கை

ஓட்டலில் சாம்பார் ஊசிப்போயிருந்தால்கூட நான் யாரிடமும் சொல்வதில்லை. பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். இத்தனை வருடமாகச் நம் வங்கியின் சங்கரன்கோவில் கிளையில் வேலை பார்க்கிறேன், ராஜேஸ்வரி குரலை உயர்த்தினாள் என்று ஒருவர் சொல்ல முடியாது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்திருக்கும் உங்களிடம், நான் வஞ்சம் வைத்துச் செய்தேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். அந்த மாதிரி ஆள் நான் இல்லை, சார். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

மாரிசெல்வியும் நானும் ஒரே வகுப்பு. நிதிச் சட்டமும் ஒழுங்குமுறைகளும் என்று ஒரு முதுகலைப் படிப்பு. சனி, ஞாயிறில் திருநெல்வேலியில் வகுப்பு நடக்கும். எங்கள் ஊரிலிருந்து நாங்கள் இருவர்தான். வகுப்பில் முதலாவதாக வருகிறவரை மண்டல அலுவலகத்தில் விதிமுறைக் கண்காணிப்புப் பதவிக்கு எடுத்துக்கொள்வதாக நம் வங்கி பேராசிரியரிடம் சொல்லியிருந்தது. வெளியாட்களும் வரலாம். ஆனால் ஒரே ஓர் இடம். நான் சேர்ந்தது அதற்காகத்தான், மறைக்க ஒன்றுமில்லை.

அவள் எதற்குச் சேர்ந்தாள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. நூல் கடையில் கணக்கு எழுதுகிறவள். புருஷன் செல்வக்குமார் கொஞ்சகாலம் துபாயில் இருந்துவிட்டு வந்து விசைத்தறி ஓட்டுகிறவன். முதல் பருவத்தில் அவள்தான் முதலிடம். பேராசிரியர் அவள் விடைத்தாளை வகுப்பில் வாசித்துக் காட்டியபோது தலையைக் குனிந்துகொண்டாள். கர்வப்பட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அந்தக் குனிவைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு எனக்கும் சீட் பிடித்து வைப்பாள். யக்கா, யக்கா என்று திருநெல்வேலி வரை வாய் ஓயாது. நான் கேட்டுக்கொண்டே வருவேன்.

போன வருடம் செல்வக்குமாருக்கு ஈரல் கெட்டுப்போனது. அவன் தம்பி தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கச் சம்மதித்தான், பரிசோதனையிலும் பொருந்தியது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி தேதி கொடுத்து, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொன்னது. துபாயில் அவனோடு ஒரே அறையில் இருந்த கடையநல்லூர்க்காரர் ஷேக் ஃபரீத், அங்கே வேலை செய்கிறவர்களிடமெல்லாம் கேட்டுப் பணம் திரட்ட ஆரம்பித்தார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பஸ்ஸில் அவளே சொன்னாள்.

“யக்கா, ஃபரீத் அண்ணன் அங்கன ஒரு ஆளு விடாமக் கேக்காக. ஆளுக்குக் கொஞ்சமா நெறைய பேரு போடுதாங்க. இப்படி மொகந்தெரியாதவங்க போட்டா பேங்க்ல எதும் சிக்கல் வருமா?”

“எங்க பிராஞ்சுல கணக்கு ஆரம்பி. எல்லாரையும் அதுலயே போடச் சொல்லு. நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

மனதாரத்தான் சொன்னேன்.

புருஷனோடு மதுரையில் இருந்ததால் இரண்டு வாரம் அவள் வகுப்புக்கு வரவில்லை. நடந்த பாடத்தை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொன்னாள், அனுப்பினேன். அந்த இரண்டு வாரமும் நடந்தது சந்தேக அறிக்கை பற்றிய பாடம். உங்களுக்குத் தெரியாததில்லை. ஒரு கணக்கில் வரும் பணம் சந்தேகமாக இருந்தால் வங்கி அரசாங்கத்துக்கு ரகசியமாக அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பியதை வாடிக்கையாளரிடம் மூச்சுவிடக் கூடாது. இது ஒரு விதி. அறிக்கை அனுப்பிய ஒரே காரணத்துக்காகக் கணக்கை முடக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. முதல் விதியை அவளுக்கு நன்றாக விளக்கினேன். வாடிக்கையாளர் துருவிக் கேட்டால் அந்த அதிகாரியின் வேலைக்கே ஆபத்து என்பதையும் நானாகச் சேர்த்துச் சொன்னேன். இரண்டாவது விதியைச் சொல்லவில்லை. இலவசமாகப் பாடம் சொல்கிறவள் முழுவதையும் சொல்லியே ஆகவேண்டும் என்று எங்கேயும் இல்லை.

எங்கள் ஊர்க் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா நடந்த வாரத்தில் பணம் முழுவதும் வந்து சேர்ந்தது. அன்றே அவள் கணக்கிலிருந்து எதுவும் வெளியே போகாதபடி தடை வைத்தேன். மேனேஜர் ஆறுமுகச்சாமி சார் ஓய்வுபெறப் போகிறவர், எதையும் திருப்பிப் பார்க்க மாட்டார். “நீ சட்டம் படிக்கிற பிள்ள, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று ஒப்புதல் கொடுத்தார். அவர்மேல் தப்பில்லை. வெளிநாட்டுப் பணம், பல பெயர்கள், சின்னச் சின்னத் தொகை, எல்லாம் சில நாட்களுக்குள். பாடத்தில் சொன்ன அடையாளம் அத்தனையும் பொருந்தியது. அந்தப் பணம் யாருடையது, எதற்கு வந்தது என்று தெரிந்த ஒரே ஆள் இந்தக் கிளையில் நான்தான்.

மறுநாள் காலையில் மாரிசெல்வி வந்தாள். முடியைக்கூட ஒழுங்காக வாரவில்லை.

“யக்கா, ஆஸ்பத்திரிக்குப் பணம் போகமாட்டேங்கு.”

“என்னால எதும் சொல்ல முடியாது, மாரி.”

அவள் தலையை ஆட்டினாள். நல்ல மாணவி, சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

“புரியுதுக்கா. நீங்க சொல்லக் கூடாது. நான் கேக்கவும் கூடாது. என்னால ஒங்க வேலைக்கு எதும் வந்துரக் கூடாது.”

அதற்குப் பிறகு தினமும் வந்து, பாஸ்புக் அச்சடிக்கும் மெஷின் பக்கத்தில் உள்ள பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். எதுவும் கேட்க மாட்டாள். வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பார். எதிரே ஒருத்தி அப்படி உட்கார்ந்திருந்தால் சோறு இறங்காது என்பார்கள். எனக்கு அப்படியெல்லாம் இல்லை, தயிர்சாதம் வழக்கம்போல்தான் இருந்தது. தபசுக்கு ஒருநாள் உள்ளூர் விடுமுறை, அன்றும் பூட்டிய கதவு முன்னால் வந்து நின்றுவிட்டுப் போனாளாம். ஷேக் ஃபரீத் துபாயிலிருந்து என்னிடம் போனில் பேசினார்.

“மேடம், அம்புட்டும் வேர்வ சிந்துன காசு. போட்ட ஒவ்வொருத்தர் அடையாள அட்டையும் அனுப்புதேன். பாத்துட்டு விட்டுருங்க, அல்லாஹ்வுக்காக.”

அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். நான் திறந்து பார்க்கவில்லை, பார்த்தால் தடையை எடுக்க வேண்டிவருமே.

நான் நினைத்தது ஒன்றுதான், சார். ஒரு வாரம் தாமதமானால் அறுவை சிகிச்சையும் எங்கள் பருவத் தேர்வும் ஒரே நாளில் விழும். புருஷனை விட்டுவிட்டு அவள் வர மாட்டாள். ஒரே ஒரு தேர்வு. அடுத்த வருடம் எழுதிக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது? நினைத்தபடியே ஆஸ்பத்திரி தேதியைத் தள்ளிவைத்தது. அதே வாரத்தில் பல்கலைக்கழகமும் தேர்வை ஒரு மாதம் தள்ளிவைத்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அந்த அறிவிப்பு வந்தபோது செல்வக்குமார் உயிரோடுதான் இருந்தான். அப்போதே தடையை எடுத்திருக்கலாமே என்பீர்கள். எடுத்தால் எதற்கு வைத்தாய் என்று கேள்வி வரும். ஆறுமுகச்சாமி சார் ஓய்வுபெறும் நேரத்தில் அவருக்கு எதற்குச் சங்கடம்?

அவனுக்குக் காய்ச்சல் கண்டது. கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது, இனி அறுவை சிகிச்சை செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை இறந்துபோனான். செய்தி வந்த கையோடு தடையை எடுத்துவிட்டேன். காரியச் செலவுக்குப் பணம் வேண்டுமல்லவா, நான் ஒன்றும் கல் இல்லை. அவள் அதில் ஒரு பைசா தொடவில்லை. கொடுத்தவர்களுக்கே திருப்பி அனுப்பச் சொன்னாள். ஒவ்வொரு பெயராகப் பார்த்து அனுப்பிக் கொடுத்தது நான்தான். “ரொம்ப உபகாரம் யக்கா” என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

பதினாறு முடிந்ததும் தேர்வு எழுத வந்து உட்கார்ந்திருக்கிறாள், பாருங்கள். ஊர் என்ன பேசும் என்ற கூச்சம்கூட இல்லை. புருஷன் போன துக்கம் அவ்வளவுதான் போலிருக்கிறது. எனக்கு அன்று எழுதவே ஓடவில்லை, இருந்தாலும் நன்றாகத்தான் எழுதினேன்.

தேர்வு முடிந்து வெளியே டீக்கடையில் நின்றோம். வகுப்பில் படிக்கும் ஜோஷ்வா விடைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“சந்தேக அறிக்கை கேள்விக்கு ரெண்டு பாயிண்டும் எழுதுனீங்களா? வெளிய சொல்லக் கூடாது, கணக்க நிறுத்தக் கூடாது.”

மாரிசெல்வியின் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. “நிறுத்தக் கூடாதா?” என்றாள். அவனிடம் கேட்டாள், பார்த்தது என்னை.

“யக்கா, நீங்க அத எழுதுனீங்களா?”

“எழுதுனேன்.”

“அப்ப ஒங்களுக்கு முன்னமே தெரியும்.”

நான் டீயைக் குடித்து முடித்தேன். அவள் தனியாக பஸ் ஏறிப் போய்விட்டாள். அந்த வாரமே உங்கள் அலுவலகத்துக்குப் புகார் எழுதினாள். அந்தத் தாளில் எனக்குத்தான் முதல் மதிப்பெண் வந்தது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நேற்றிலிருந்து அந்தச் சந்தேக அறிக்கையின் நகலைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கணினியிலும் தேடிவிட்டீர்கள். இனித் தேட வேண்டாம், சார். அப்படி ஒன்றை நான் அனுப்பவே இல்லை. அனுப்பியிருந்தால், அதை வாங்கி அரசாங்கத்துக்கு அனுப்பும் உங்கள் அலுவலகம் மறுநாளே கூப்பிட்டு, கணக்கை ஏன் முடக்கினாய், தடையை எடு என்று சொல்லியிருக்கும். நான் அவளிடம் மறைத்து வைக்க அங்கே எதுவும் இருக்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் தயவுசெய்து பதிவு செய்துகொள்ளுங்கள். நான் அவளிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அறிக்கை அனுப்பினீர்களா என்று அவள் ஒரே ஒருமுறை வாய்விட்டுக் கேட்டிருந்தால், இல்லை என்று உண்மையைச் சொல்லியிருப்பேன்.